உயிருள்ள தோலை அறியும் பலகை

தோலைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு துண்டைக் கையில் வாங்கி, கட்டை விரலால் ஒரு தடவு தடவினால் போதும். ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா, குரோம் போட்டதா, ஆவாரம் பட்டையில் ஊறியதா என்று சொல்லிவிடுவார்கள். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை இப்படிப்பட்ட விரல்கள் ஏராளம். பழைய வேலூர் மாவட்டம் 2019-ம் ஆண்டில் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. ஆனால் தோல் தொழில் மூன்றுக்கும் பொதுச் சொத்தாகவே இருக்கிறது.

அப்படிப்பட்ட விரல் ஒன்றுக்கு வந்த சோதனையைக் கேளுங்கள்.

ஆம்பூரில் ஒரு டீக்கடை. அங்கே ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். தோல் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் முப்பது வருஷம் உழைத்தவர். பேரன் அவருக்குப் புதிய செல்போன் வாங்கிக் கொடுத்திருந்தான். பொத்தானே இல்லாத போன். கண்ணாடியைத் தொட்டால் வேலை செய்யும்.

பெரியவர் தொட்டார். போன் சும்மா இருந்தது. அழுத்தித் தொட்டார். அப்போதும் சும்மா இருந்தது. நகத்தால் ஒரு குத்துக் குத்தினார். ஊஹூம்!

பேரன் வாங்கித் தொட்டான். உடனே படம் படமாக ஓடிற்று.

"இவன் தொட்டா ஓடுது. நான் தொட்டா தூங்குது. என் விரல் செத்துப் போச்சா, தம்பி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பெரியவர்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், பெரியவர் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்குள் ஒரு பெரிய விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. உயிருள்ள தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கண்ணாடி வேலை செய்கிறது. பெரியவரின் விரல் நுனியை அது பதனிட்ட தோல் என்று எண்ணிக்கொண்டது!

செல்போன் மட்டும் அல்ல. வீட்டில் இருக்கும் மின்சார அடுப்பின் பலகை, சில லிப்ட்டுகளின் பொத்தான்கள், தொழிற்சாலை எந்திரங்களின் எண் பலகை, எல்லாவற்றுக்கும் தத்துவம் ஒன்றே. அழுத்தத் தேவையில்லை. தொட்டால் போதும்.

வாழைப்பழம் செய்யும் வேடிக்கை

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். செலவு கிடையாது.

பழைய செருப்பில் இருந்து தடித்த, காய்ந்த தோல் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை விரல் நுனிமேல் வைத்துக்கொண்டு செல்போன் கண்ணாடியைத் தொடுங்கள். போன் அசையாது. இப்போது ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு கையில் பிடித்து, அதன் வயிற்றுப் பக்கத்தைக் கண்ணாடியில் வையுங்கள். போன் விழித்துக்கொள்ளும்!

பழத்துக்குள் தண்ணீரும் உப்புச் சத்தும் இருக்கின்றன. அவற்றின் வழியாக மின்சாரம் செல்லும். நம் உடம்பும் அப்படித்தான். இரத்தம், சதை எல்லாம் உப்புத் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. ஆனால் தோலைப் பதனிடும்போது நாம் என்ன செய்கிறோம்? அதில் உள்ள கொழுப்பை, சதையை நீக்குகிறோம். நாரோடு நார் பிணையும்படி பட்டைச் சாறோ குரோமோ ஏற்றுகிறோம். பிறகு உலர்த்துகிறோம். மிஞ்சுவது நாரும், நாருக்கு நடுவே காற்றும்தான். மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

விரல் நகமும் அப்படியே. அது உயிரற்ற பொருள். பெரியவர் நகத்தால் குத்தியபோது போன் ஏன் மதிக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

ஜாடிக்குள் அடைபட்ட மின்சாரம்

இந்தக் கதையின் தொடக்கம் 280 வருஷங்களுக்கு முன்னால். ஹாலந்து தேசத்தில் லைடன் என்று ஒரு நகரம். அங்கே முஷன்புரூக் என்ற பேராசிரியர் 1746-ம் ஆண்டு வாக்கில் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். ஜாடியைக் கையில் பிடித்திருந்தபோது இன்னொரு கை உள்ளே இருந்த கம்பியில் பட்டது. அவ்வளவுதான்! உடம்பையே உலுக்கும் அதிர்ச்சி!

மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் என்று அதில் இருந்து உலகம் தெரிந்துகொண்டது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு மின்கடத்தி, வெளியே ஒரு மின்கடத்தி; நடுவில் கண்ணாடி தடுப்புச் சுவர். இதற்குத்தான் மின்தேக்கி என்று பெயர். அந்த முதல் ஜாடியில் வெளிப்புறக் கடத்தியாக இருந்தது எது தெரியுமா? ஜாடியைப் பிடித்திருந்த மனிதனின் கை!

இன்றைய தொடு பலகையிலும் அதே கைதான், அதே கண்ணாடிதான். கண்ணாடிக்கு அடியில் தண்ணீருக்குப் பதில் மெல்லிய செப்புத் தகடு. அதிர்ச்சி மட்டும் கிடையாது; மின்சாரம் அவ்வளவு கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம்? மின்தேக்கியின் கொள்ளளவை பாரட் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு பாரடை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குப் பிகோபாரட் என்று பெயர். விரல் பட்டதும் ஏற்படும் மாற்றம் பெரும்பாலும் அந்த ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு சில்லு வேண்டியிருக்கிறது. கடுகு போன்ற அந்தச் சில்லு செய்யும் கணக்குப் பிள்ளை வேலையைப் பார்ப்போம்.

குடியாத்தத்துத் தறி போல

குடியாத்தத்தில் தறியைப் பார்த்திருப்பீர்கள். நெடுக்கே பாவு நூல். குறுக்கே ஊடை நூல். தொடு பலகையின் உள்ளேயும் அப்படியே. குறுக்கே சில செப்புக் கம்பிகள். நெடுக்கே சில செப்புக் கம்பிகள். ஒன்றை ஒன்று தொடாதபடி இடையில் தடுப்பு. குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பொத்தான்.

இதில் லாபம் என்ன? 16 பொத்தான் வேண்டுமானால் தனித்தனியாக 16 கம்பி இழுக்க வேண்டும். தறி முறையில் குறுக்கே 4, நெடுக்கே 4, ஆக 8 கம்பி போதும். 64 பொத்தானுக்கு 16 கம்பிதான். பொத்தான் பெருகப் பெருக லாபமும் பெருகும்.

சரி, விரல் வைத்த இடம் எது என்று சில்லுக்கு எப்படித் தெரிகிறது?

வயலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கம்பி ஒரு வாய்க்கால். அதில் சில்லு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது. பக்கத்து நெடுக்குக் கம்பி ஒரு பாத்தி. வாய்க்காலில் இருந்து வரப்பு வழியாகப் பாத்திக்குக் கொஞ்சம் கசிகிறது. சாதாரணமாக எவ்வளவு கசியும் என்பது சில்லுக்கு மனப்பாடம். இப்போது நீங்கள் விரலை வைக்கிறீர்கள். யாரோ வரப்பில் குடத்தை வைத்துத் தண்ணீரை மொண்டுகொண்டது போல ஆகிறது. பாத்திக்கு வர வேண்டிய பங்கில் கொஞ்சம் உங்கள் உடம்புக்குப் போய்விடுகிறது. பாத்தியில் வரவு குறைகிறது. "ஓகோ, ஆள் வந்திருக்கிறார்" என்று சில்லு தெரிந்துகொள்கிறது.

எல்லா வாய்க்காலையும் ஒரே சமயத்தில் திறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுவது போல முதல் வாய்க்கால், இரண்டாவது வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு பாத்தியின் வரவையும் அளக்கிறது. அதனால் இரண்டு விரலை இரண்டு இடத்தில் வைத்தாலும் குழப்பம் இல்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிடாமல், "எந்த வரிசையில் ஆள்? எந்தப் பத்தியில் ஆள்?" என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் இரண்டு விரலுக்கு நான்கு சந்திப்புகள் தென்படும். அவற்றில் இரண்டு, இல்லாத பேய்ப் பொத்தான்கள்! மின்சாரக் கணக்கில் பேய்க்கும் இடம் உண்டு.

ஒரு துடிப்பில் வரும் வரவு மிகச் சொற்பம். ஆகவே பல துடிப்புகளைத் தொடர்ந்து விட்டு, சிட்டிகை சிட்டிகையாக ஆழாக்கில் சேர்த்து, பிறகு அளக்கிறார்கள். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

சந்தேகப் பிராணி

நல்ல சில்லு ஒரு சந்தேகப் பிராணி. ஒரு தடவை வரவு குறைந்தால் நம்பாது. தொடர்ந்து மூன்று நான்கு தடவை குறைந்தால்தான் "விரல்" என்று முடிவு செய்யும். மின்னல் அடித்தாலும், பக்கத்தில் மோட்டார் ஓடினாலும் ஏமாறாமல் இருக்க இந்த ஏற்பாடு.

வெயில் ஏறும்; மழை வரும்; காற்றில் ஈரம் கூடும். மே மாதத்து வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்? இவற்றாலும் கசிவின் அளவு மாறும். ஆனால் மெதுவாக மாறும். விரலோ சட்டென்று வரும். மெதுவாக வரும் மாற்றத்தைச் சில்லு மன்னித்துத் தன் மனப்பாடத்தைத் திருத்திக்கொள்ளும். சட்டென்று வருவதை மட்டும் கணக்கில் எடுக்கும்.

பருத்த கட்டை விரல் இரண்டு பொத்தான் மீது படிந்தால்? இரண்டில் எதில் பாதிப்பு அதிகமோ அதை மட்டும் ஏற்று, அடுத்ததை அடக்கிவிடும்.

எங்கள் வீட்டு மின்சார அடுப்பில் ஒருநாள் பால் பொங்கிப் பலகை மீது வழிந்தது. அடுப்பு கீச்கீச் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்துவிட்டது. அடுப்புக்குக் கண் உண்டோ என்று வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. கண் இல்லை. ஒரே நேரத்தில் எல்லாப் பொத்தானையும் எந்த மனிதனும் தொட மாட்டான்; ஆகவே வழிந்தது பாலாகவோ குழம்பாகவோ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

பலகை செய்கிறவர் கவனிக்க வேண்டியவை

பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிப்பது உண்டு. அவர்களுக்காக இந்தப் பகுதி. மற்றவர்கள் தாண்டிப் போனாலும் குற்றம் இல்லை.

குறுக்குக் கம்பி முரட்டுப் பிள்ளை. அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். நெடுக்குக் கம்பி தொட்டாற்சுருங்கி. வரவை அளப்பது அதில்தான். பொத்தான் இல்லாத இடத்தில் அது குறுக்குக் கம்பிக்கு அருகே போனால், அங்கே விரல் பட்டாலும் பொத்தானைத் தொட்டதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். ஆகவே அதைக் குட்டையாக, கை படாத பக்கமாகக் கொண்டுபோக வேண்டும்.

மேல் பலகை கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். ஒரே தடிப்பில் கண்ணாடிதான் உசத்தி. மின்புலத்தை அது பிளாஸ்டிக்கை விட நன்றாக மேலே கொண்டுவரும். பலகைக்கும் செம்புக்கும் நடுவே காற்று புகக் கூடாது. இடைவெளி இல்லாமல் பசை போட்டு ஒட்ட வேண்டும். தகரத்தால் மூடினால் வேலையே செய்யாது. அழகுக்காக உலோகத் தூள் கலந்த வர்ணம் பூசி, பலகை கெட்டுப்போய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கெட்டது பலகை அல்ல, வர்ணம்.

பொத்தான் ஒவ்வொன்றும் விரல் அகலமாவது இருக்கட்டும். பலகை தடிக்கத் தடிக்கப் பொத்தானும் பெருக்க வேண்டும். மட்டமான மின் இணைப்புப் பெட்டியும் தொல்லை தரும். சார்ஜரில் மாட்டியிருக்கும்போது மட்டும் சில போன்கள் பைத்தியம் பிடித்தது போலத் தாமே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குற்றவாளி அந்தச் சார்ஜர்தான்.

முதலில் செய்தவர்கள்

விரல் பட்டால் வேலை செய்யும் திரையைப் பற்றி முதன்முதலில் 1965-ம் ஆண்டில் எழுதியவர் ஜான்சன் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் மால்வர்ன் என்ற ஊரில் ராடார் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஆகாய விமானங்களின் போக்குவரத்தைக் கவனிப்பவர்களுக்கு உதவும் என்பது அவர் எண்ணம்.

அடுத்து, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரை ஒட்டி உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம். அணுவின் உட்துகள்களை ஓட விடும் ராட்சத எந்திரம் ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நடத்த ஆயிரக்கணக்கான பொத்தானும் திருகும் வேண்டியிருக்கும் போல் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஸ்டும்ப் என்ற பொறியாளரும் அவர் சகாக்களும் 16 தொடு பொத்தான்கள் கொண்ட கண்ணாடித் திரை ஒன்றைச் செய்தார்கள். பொத்தானின் பெயர் வேலைக்குத் தக்கபடி மாறும். 1976-ம் ஆண்டில் அந்த எந்திரம் ஓடத் தொடங்கியபோது இந்தத் திரைகள்தான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தன.

பிறகு இங்கிலாந்தில் குவாண்டம் என்ற சிறிய கம்பெனி, தறி முறையில் பொத்தான்களை அளக்கும் சில்லுகளைச் செய்து விற்றது. அதை 2008-ல் அட்மெல் கம்பெனி வாங்கியது. அட்மெலை 2016-ல் மைக்ரோசிப் வாங்கியது. சின்ன மீனைப் பெரிய மீன் விழுங்கிய கதை! இதற்கிடையில் 2007-ல் ஐபோன் வந்து உலகத்தையே கண்ணாடியைத் தொடப் பழக்கிவிட்டது.

தோல் ஷாப்பில் வைத்தால்?

இனி நம் ஊருக்கு வருவோம். தோலின் சதுர அடியை அளக்கும் எந்திரத்திலும், வர்ணம் அடிக்கும் எந்திரத்திலும், பீப்பாய் சுற்றும் மோட்டாரிலும் இப்போதெல்லாம் மின்னணுப் பலகை வந்துவிட்டது. பளபளப்பாக இருக்கிறது. தூசி போக இடுக்கு இல்லை. துணியால் துடைத்தால் சுத்தம். தேய்ந்து போகும் பொத்தானும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அதைத் தொடும் கை எப்படிப்பட்ட கை என்று பலகை செய்தவர் நினைத்துப் பார்த்தாரா?

பச்சைத் தோல் வந்து இறங்கும் கிடங்கில் கையெல்லாம் உப்பு. சுண்ணாம்புப் பகுதியில் கையெல்லாம் ஈரம். மருந்து கலக்கும் இடத்தில் கையில் ரப்பர் உறை. கடைசியில் மெருகு ஏற்றும் இடத்தில் தூசியும் வறட்சியும். ஒரே தொழிற்சாலையில் நான்கு விதமான கை!

பலகை மேல் வெறும் தண்ணீர்த் துளி விழுந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். விரல் வரவைக் குறைக்கும் என்று பார்த்தோம். துளியோ வாய்க்காலுக்கும் பாத்திக்கும் பாலம் போட்டு வரவைக் கூட்டும். குறைந்தால் விரல், கூடினால் துளி என்று சில்லு பிரித்துவிடும். ஆனால் உப்புத் தண்ணீர் படலமாகப் பரவி, பலகையின் இரும்புச் சட்டம் வரை போய்விட்டால் கதை மாறும். அந்தப் படலம் வரவைச் சட்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே தொட்டதாக ஆகிவிடும். தோல் கிடங்கில் உப்புக்குப் பஞ்சமா? ஆகவே பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும். தண்ணீர் தங்கக் கூடாது. ஓரத்துக்கும் பொத்தானுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும்.

கையுறை விஷயம் இதை விட முக்கியம். ஒரு தொழிற்சாலையில் நான் கண்ணால் கண்டது. ஊரும் பேரும் வேண்டாம். ஒரு தொழிலாளி இரண்டு கையிலும் உறை போட்டிருந்தார். பலகை உறையை மதிக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? மருந்துத் தண்ணீர் பட்ட உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, வெறும் விரலால் பொத்தானைத் தொட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பல தடவை. கடைசியில் சலித்துப் போய் ஒரு கையின் உறையைத் தூக்கி வைத்துவிட்டார். கையைக் காக்க உறை. அந்த உறையைக் கழற்றச் செய்தது பலகை!

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பொத்தானைப் பெரிதாக்கி, சில்லின் உணர்வைக் கூட்டி வைத்தால் உறைக்கு மேலேயும் விரலை அறியும். ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் விரல் பக்கத்தில் வந்தாலே ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் வேலை செய்கிறவர் கையை, அவர் போடும் உறையோடு வைத்துப் பார்த்துத்தான் அளவைக் குறிக்க வேண்டும். அலுவலகத்தில் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து, தன் மெத்தென்ற விரலை வைத்து அளவு குறிக்கிறவருக்குச் சுண்ணாம்புக் குழி தெரியாது.

இன்னொன்று. எந்திரத்தை அவசரமாக நிறுத்தும் பொத்தானை மட்டும் தொடு பலகையில் வைக்கவே கூடாது. மஞ்சள் பின்னணியில் காளான் குடை போலச் சிவப்பாக நிற்குமே, அந்தப் பொத்தான் அப்படியே இருக்கட்டும். உறை போட்ட கையோ, முழங்கையோ, எது பட்டாலும் அடிபட்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். கை சிக்கிக்கொண்ட நேரத்தில், "இது உயிருள்ள தோலா?" என்று சில்லு யோசித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

கண் தெரியாதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் 5 எங்கே, 8 எங்கே என்று தடவிக் கண்டுபிடிக்க முடியாது. தடவினாலே பொத்தான் வேலை செய்துவிடும்! பழைய எண் பலகையில் 5 மீது ஒரு சிறு புள்ளி மேடாக இருக்கும். நம் ஓட்டு எந்திரத்தைப் பாருங்கள். நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது; பீப் என்று ஒலி வருகிறது; பக்கத்தில் பிரெய்ல் எண்ணும் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர், பார்வை இல்லாதவர் எல்லோருக்கும் பதில் சொல்லும் பொத்தான் அது. தொடு பலகை செய்கிறவர்கள் விளக்கும் ஒலியுமாவது வைக்கலாம். விளிம்பில் ஒரு மேடு வைத்தால் இன்னும் நல்லது.

அடையாற்றில் பிறந்த கறுப்புத் தோல்

கையுறையைப் பலகை மதிக்காவிட்டால், மதிக்கும்படியான கையுறை செய்ய முடியாதா? குளிர் நாட்டு மக்களுக்கு இது பெரிய பிரச்சினை. பனியில் உறையைக் கழற்ற முடியாது. உறையோடு போனைத் தொட முடியாது. விரல் நுனியில் வெள்ளி முலாம் பூசிய நூலைத் தைத்து விற்கிறார்கள். அது ஒட்டுப் போட்ட வேலைதான்.

தோலையே மின்சாரம் கடத்தும்படி செய்தால் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டது வெளிநாடு அல்ல, நம் சென்னை. அடையாற்றில் 1948-ம் ஆண்டு முதல் இருந்து வரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்துத் தோல்காரர்களுக்குப் புதிது அல்ல. அங்கே ஜிமா டெமிசி வெகேனே, ப. தணிகைவேலன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை 2014-ல் வெளியாயிற்று.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில வகைப் பிளாஸ்டிக்குகளைக் கடத்தும்படி செய்யலாம் என்று கண்டுபிடித்ததற்காக 2000-ம் ஆண்டில் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலிபிரோல் என்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அடையாற்றில் என்ன செய்தார்கள் என்றால், அதைத் தோல் மீது வெறுமனே பூசவில்லை. அதன் மூலப்பொருளைத் தோலுக்குள் ஊற விட்டு, நாருக்கு உள்ளேயே அது சங்கிலியாகப் பின்னிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆவாரம் பட்டைச் சாற்றைத் தோலில் ஏற்றும் நம் பழைய வித்தைக்கு இது ஒரு பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்திற்று. அதை வைத்துக் கையுறை செய்தால் தொடு திரையை இயக்கலாம் என்று காட்டினார்கள். இன்னொரு லாபம்: பாலிபிரோல் இயற்கையிலேயே கறுப்பு. ஆகவே தோலும் கறுகறு என்று வந்துவிட்டது. தனியாகச் சாயம் போட வேண்டியதில்லை. சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த லாபத்தின் அருமை தெரியும்.

ஆடு உயிரோடு இருந்தபோது அதன் தோலுக்கு இருந்த ஒரு குணம், பதனிட்டபோது போய்விட்டது. அடையாற்றில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்! என்னே விந்தை!

பெரியவரின் விரல்

டீக்கடைப் பெரியவரை மறந்துவிடவில்லை.

அவர் விரலை வாங்கிப் பார்த்தேன். நுனியெல்லாம் காய்த்துப் போய், ஆணி அடித்தாலும் இறங்காது போல் இருந்தது. முப்பது வருஷத்துச் சுண்ணாம்பும் உப்பும் செய்த வேலை. எல்லோருக்கும் மேல்தோலின் மேல் அடுக்கு உயிரற்றதுதான். அது மெல்லியதாகவும் ஈரமாகவும் இருக்கும்வரை தொல்லை இல்லை. தடித்து, காய்ந்து போனால் விரலுக்குத் தானாகவே ஒரு கையுறை மாட்டியது போல் ஆகிவிடும். உயிருள்ள சதை கண்ணாடியை விட்டு விலகி நிற்கும். போனுக்கு ஆள் தெரியாது.

"அழுத்த வேண்டாம், ஐயா. அழுத்தத்துக்கு அது மசியாது. நுனியை விட்டுவிட்டு விரலின் வயிற்றுப் பக்கத்தைப் படுக்க வையுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது" என்றேன். சில போன்களில் தொடு உணர்வைக் கூட்டும் வசதி இருக்கிறது. பேரனிடம் சொல்லி அதையும் தேடச் சொன்னேன். இருந்தது. போட்டான்.

பெரியவர் தண்ணீர்த் தம்ளரின் வெளிப்புறத்தில் விரலைத் தடவிக்கொண்டார். வேட்டியில் ஒற்றிக்கொண்டார். ஒரு தோலின் மெருகைப் பார்ப்பது போலவே, விரலைப் படுக்க வைத்து, மெல்ல ஒரு தடவு தடவினார்.

கண்ணாடி விழித்துக்கொண்டது.

"அப்ப நுனிதான் செத்துப் போச்சு. வயிறு உசிரோடதான் இருக்கு!" என்றார். பிறகு பேரனின் படத்தைத் தேடிப் பிடித்து, அதன் மீது விரலைப் படுக்க வைத்தார். பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பேரனின் சட்டைப்பையில் மணி அடித்தது.